எழுத்தை மாற்றியது பொறியா?

அச்சுப் பொறி வந்தது. ஏட்டுச் சுவடி மறைந்தது. தமிழ் மறுமலர்ச்சி கண்டது. தட்டெழுத்துப் பொறி வந்தது. எழுத்துச் சீர்திருத்தம் பிறந்தது. கணிப்பொறி வந்தது, தமிழ் உலகமெங்கும் பரவியது. இவ்வாறு சில வாக்கியங்களிலேயே நம் மொழியின் நானூற்றைம்பது ஆண்டு வரலாற்றைச் சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மாணவர் கட்டுரைகளில் இதனைக் காண்கிறோம், மேடைகளிலும் கேட்கிறோம். நல்ல நூல்களை எழுதியவர்கள்கூட முன்னுரையில் இதனை ஒரு மரபுபோல் எழுதிச் செல்கின்றனர். கேட்பதற்கு எளிது, நினைவில் நிற்பதற்கும் எளிது. ஆயின் இவ்வாக்கியங்களில் எழுவாயாக நிற்பது எப்போதும் பொறியே என்பதைத் தமிழாசிரியர்கள் உடனே கண்டுகொள்வர். பொறி வருகிறது, பொறி மாற்றுகிறது, பொறி பரப்புகிறது. மாந்தர் செயப்படுபொருளாகவேனும் அவ்வாக்கியங்களில் இடம் பெறுவதில்லை. இலக்கணத்தில் அது பிழையன்று. வரலாற்றில் பிழையா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1962ஆம் ஆண்டில் ஐரோப்பிய இடைக்காலத் தொழில்நுட்பத்தையும் சமூக மாற்றத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குதிரைச் சேணத்தில் தொங்கும் அங்கவடியைப் பற்றி அதில் அவர் கூறிய கருத்து பெரும் புகழ் பெற்றது. அங்கவடியில் காலூன்றிய வீரன் குதிரையின் முழு விசையையும் தன் ஈட்டி முனையில் செலுத்த முடிந்தது. அத்தகைய குதிரைப் படையைப் பேணப் பெருஞ்செல்வம் வேண்டியிருந்தது. அதன்பொருட்டே 8ஆம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டுத் தலைவர் சார்லஸ் மார்ட்டல் திருச்சபையின் நிலங்களைக் கைப்பற்றி வீரர்களுக்கு வழங்கினார். அதிலிருந்தே நிலப்பிரபுத்துவம் தோன்றியது என்பது அவர் வாதம். ஓர் இரும்பு வளையத்திலிருந்து ஒரு சமூக அமைப்பே பிறந்துவிட்டது! மறு ஆண்டே, 1963இல், சாயர், ஹில்ட்டன் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 'பாஸ்ட் அண்ட் பிரசன்ட்' என்னும் ஆய்விதழில் இதனைக் கடுமையாக மறுத்தனர். காலக் கணிப்புக்குச் சான்று போதாது என்றனர். ஒரு கருவியிலிருந்து ஒரு சமூக அமைப்பை நேரே வருவிக்க இயலாது என்றும் வாதிட்டனர். ஒயிட்டும் இவ்விடர்ப்பாட்டை உணராதவர் அல்லர். ஆங்கிலோ சாக்சானியரும் அங்கவடியை அறிந்திருந்தனர். ஆயினும் 1066இல் ஹேஸ்டிங்சுப் போர்க்களத்தில் அவர்கள் குதிரையை விட்டிறங்கித் தரையில் நின்றே போரிட்டனர். கருவி ஒன்றே, அதனை ஏற்றுக்கொண்ட சமூகங்கள் வேறு, ஆகவே விளைவும் வேறாயிற்று.

தமிழ் எழுத்தின் வரலாற்றை இந்த ஒளியில் ஒருமுறை திருப்பிப் பார்த்தல் தகும்.

அன்றிக் அடிகளார் எனத் தமிழர் அழைக்கும் போர்த்துகீசியப் பாதிரியார் அன்றிக் அன்றிக்கசு, 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அது 16 பக்கங்களே கொண்டது. இந்திய மொழிகளின் எழுத்துருவில் அச்சேறிய நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றுள் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' வந்தது. பெருமைக்குரிய செய்திதான், நாமும் அதனைப் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறோம். ஆயின் அதன்பின் நிகழ்ந்தது என்ன? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழ் அச்சு பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. 1679இல் அம்பலக்காட்டில் புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி அச்சாகியது. பின்னர் 1713 அளவில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. திருக்குறள் அச்சேறிய ஆண்டோ 1812. கொல்லத்து அச்சுக்கும் குறளின் அச்சுக்கும் இடையே 234 ஆண்டுகள் கழிந்தன!

பொறிதான் சமூகத்தை மாற்றும் என்றால் இந்த 234 ஆண்டுகளை எவ்வாறு விளக்குவது? தமிழர் மந்தமானவர், புதுமையை வெறுப்பவர் என்று சில மேனாட்டார் எழுதியதுண்டு. அது விளக்கமன்று, வசைமொழி. அக்காலக் கல்வி எவ்வாறு நடைபெற்றது என்பதை நினைத்துப் பார்த்தால் விடை தானே புலப்படும். மாணவன் ஆசிரியரிடம் பாடம் கேட்டான். கேட்டதை மனப்பாடம் செய்தான். ஏட்டில் தன் கையாலேயே எழுதிக்கொண்டான். படியெடுத்தல் அவனுக்குக் கல்வியின் ஒரு பகுதி. நூலின் நூறு படிகள் ஒரே நாளில் கிடைக்க வேண்டும் என்னும் தேவை அக்கல்வி முறையில் எழவேயில்லை. பனையோலை வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. தாளை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அச்சகமோ சமயப் பரப்பாளர் கையிலும் பின்னர்க் கும்பினியார் கையிலும் இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப் பொறியும் அவர்கள் வசமாகிச் சென்னை வேப்பேரிக்கு வந்தது என்பது வரலாறு. பீரங்கியோடு பீரங்கியாய்ப் போர்க்கொள்ளையில் வந்த ஒரு பொறியை நம் புலவர்கள் தம் வீட்டுப் பொருளாகக் கருதாததில் வியப்பொன்றும் இல்லை.

இன்னும் நுட்பமான சான்று ஒன்று உண்டு. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியே விதித்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், கிழியும். ஆகவே ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். படிப்பவர் இடம் நோக்கித் தாமே இட்டுக்கொண்டனர். 1578இல் ஈயத்தில் எழுத்து வார்த்தபோது இந்த அச்சத்திற்கு இடமே இல்லை. ஈயப்புள்ளி தாளைக் கிழிப்பதில்லை. ஆயினும் 'தம்பிரான் வணக்க'த்தில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே அச்சாகியுள்ளன! அச்சு வார்த்தவர்கள் ஏட்டெழுத்தை அப்படியே பின்பற்றினர். படிப்போரின் கண்ணும் அதற்கே பழகியிருந்தது. புதிய பொறி பழைய ஓலையின் பழக்கத்தைச் சுமந்து நின்றது. புள்ளி அச்சில் நிலைபெற்றது பின்னரே, அதுவும் படிப்படியாகவே. பொறி எழுத்தை ஆண்டது என்பார் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். இங்கே ஓலையன்றோ பொறியை ஆண்டிருக்கிறது!

வீரமாமுனிவர் செய்த மாற்றமும் இத்தகையதே. குறில் நெடில் மயக்கத்தை நீக்க ஏகார ஓகாரங்களுக்குத் தனி உருவம் தந்தவர் அவர். அந்த மாற்றத்தை அவரிடம் கேட்டது எந்தப் பொறியும் அன்று. தமிழைப் பிறமொழியாகக் கற்ற ஒருவர், கற்பவரின் இடர்ப்பாட்டை உணர்ந்து செய்த திருத்தம் அது. எழுத்துச் சீர்திருத்தம் என்றாலே பொறியின் விளைவு என்று எண்ணுவோர்க்கு இது ஒரு நல்ல மறுப்பு.

19ஆம் நூற்றாண்டிற்கு வருவோம். அச்சு தமிழரின் கருவியாக மாறியது அப்போதுதான். எதனால் மாறியது? அச்சுப் பொறியில் ஏதேனும் பெரும் புதுமை நேர்ந்து, அதனால் நம் புலவர்கள் மனம் மாறினர் என்று சொல்வதற்கில்லை. மாறியது சூழல். பள்ளிகள் பெருகின, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது, தேர்வு வந்தது, தேர்வுக்குப் பாடநூல் வந்தது. ஒரே நூலின் ஒரே பாடத்தை நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே ஆண்டில் படிக்க வேண்டும் என்னும் தேவை தமிழகத்திற்குப் புதிது. மறுபுறம், சமயப் பரப்பாளரின் அச்சு நூல்களுக்கு அச்சாலேயே விடை கூற வேண்டும் என்று கருதிய ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்தில் தமக்கென ஓர் அச்சகம் நிறுவினார். அதுவரை பிறர் கருவியாக இருந்த பொறி அன்று கைமாறியது. கைமாற்றிய விசை சமய வாதம், இயந்திரவியல் அன்று.

சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புப் பணியைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயரை நோக்கி, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். ஐயர் அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றில் நிறைவு பெறாமல், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் தொடர்ந்தன. அச்சுப் பொறி சென்னையில் பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது சிந்தாமணியைத் தேடிச் செல்லவில்லை. ஒரு நீதிமன்ற அலுவலரின் வினாவும், ஓர் ஆசிரியரின் நாணமும் உழைப்புமே தேடிச் சென்றன. (1887ஆம் ஆண்டு நமக்கும் உரியது என்பதை இடையே சொல்லிவைக்கலாம். மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைச் சிங்கப்பூரில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கடல் கடந்து வந்த வணிகரும் தொழிலாளரும் ஒருவர் செய்தியை ஒருவர் அறிய விரும்பிய இடத்தில் அச்சு தானே வேலை தேடிக்கொண்டது.)

இவ்வாறு சொல்வதால் பொறிக்கு எவ்விளைவும் இல்லை என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளற்க. அதுவும் மற்றொரு மிகையே. அச்சு பெருகியதும் ஏடெழுதும் வழக்கம் அருகியது. ஏடு நிலையானதன்று, பூச்சி அரிக்கும், ஒடியும், காலந்தோறும் புதிதாய்ப் படியெடுத்தால்தான் நூல் வாழும். படியெடுப்போர் இல்லாமற் போனபின், அச்சேறாத நூலுக்கு அடுத்த தலைமுறை இல்லை என்றாயிற்று. பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விட்ட கொடுமையை ஐயரே எழுதியிருக்கிறார். அச்சு சில நூல்களுக்கு வாழ்வளித்தபோதே வேறு சில நூல்களின் சாவை விரைவுபடுத்தியது. இதனை மறுமலர்ச்சி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. பொறியைப் புகழ்வதானால் அதன் கணக்கில் இதனையும் எழுதத்தான் வேண்டும்.

இனித் தட்டெழுத்துப் பொறி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா அவர்களைத் தமிழ்த் தட்டெழுத்தின் தந்தை என்று போற்றுகிறோம். அவர் எதிர்கொண்ட சிக்கலை எண்ணிப் பார்த்தால் அவர் திறம் விளங்கும். ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகள். பெரிதும் சிறிதுமாக 52 உருவங்கள். தமிழுக்கு 247 எழுத்துகள். ஆங்கிலேயனுக்காகச் செய்த விசைப்பலகையில் இவற்றை எவ்வாறு அடக்குவது? அவர் 247க்கும் தனித்தனி விசை தேடவில்லை. எழுத்துகளைப் பகுத்துப் பார்த்தார். புள்ளி, இகர ஈகாரக் கொம்பு முதலியவற்றை நகரா விசைகளில் வைத்தார். அவ்விசையைத் தட்டினால் குறி தாளில் விழும், தாள் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியின் கீழேயே வந்து பொருந்தும். 'க்' என்று எழுத முதலில் புள்ளி, பின்னர் ககரம். எழுதும் முறைக்கு நேர்மாறான வரிசை. ஆயினும் தட்டெழுத்தர்கள் பழகிக்கொண்டனர். பொறியைச் செய்து தந்தது செருமானியத் தொழிற்சாலை. அதனைத் தமிழாக்கியது முத்தையாவின் எழுத்தறிவு.

எழுத்துச் சீர்திருத்தத்தைத் தட்டெழுத்துப் பொறியின் குழந்தை என்பது இன்று பெருவழக்கான கருத்து. இதனைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும். ஏனெனில் இன்றும் ஒரு வழக்கு இதனைச் சார்ந்தே நடைபெறுகிறது. பெரியார் ஈ. வெ. ரா. 1935ஆம் ஆண்டில் 'குடி அரசு' இதழில் தம் எழுத்து மாற்றத்தை வெளியிட்டார். கற்பவர்க்கு எளிமை, அச்சுக் கோப்பவர்க்கு எளிமை ஆகிய இரண்டையும் அவர் காரணமாகக் காட்டினார். தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபர் 19ஆம் நாள் ஆணையிட்டு அதன் ஒரு பகுதியை ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றன. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்னும் ஒன்பதும், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் ஆகப் பதின்மூன்று எழுத்துகளின் பழைய சுழிகளும் 'யானைத் துதிக்கை'யும் நீங்கின.

பொறிதான் இதனைச் செய்தது என்றால் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும்.

முதலாவது, 1935க்கும் 1978க்கும் இடையே 43 ஆண்டுகள் உள்ளன. பொறியின் நெருக்கடி இவ்வளவு காலமும் இருந்தது, ஆணை வரவில்லை. ஆணை வந்த காலத்திலோ, எந்த உருவத்தையும் ஒளியால் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு உலகில் பரவிவிட்டிருந்தது. அதாவது, பொறிக்குத் தேவை குறையத் தொடங்கிய வேளையில் எழுத்து மாறியது! அவ்வாண்டு ஏன் மாறியது என்றால், அது பெரியாரின் நூற்றாண்டு. திராவிட இயக்க வழிவந்த கட்சியின் ஆட்சி. விடை அரசியலில் இருக்கிறது, இயந்திரத்தில் இல்லை.

இரண்டாவது, பெரியார் ஐகாரத்தை 'அய்' என்றும் ஔகாரத்தை 'அவ்' என்றும் எழுதச் சொன்னார். எழுத்தைக் குறைப்பதே நோக்கம் என்றால் இதன் பயன் இன்னும் பெரிது. இரண்டு உயிர்களும் அவற்றின் உயிர்மெய் வரிசைகளும் நீங்கிவிடும். 'விடுதலை' இதழ் அவ்வாறே எழுதிற்று. ஆனால் அரசு இதனை ஏற்கவில்லை, பள்ளிகளும் ஏற்கவில்லை. பொறியின் வாதம் இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றைச் சமூகம் ஏற்றது, மற்றொன்றை மறுத்தது. சுழியை விட்டுக்கொடுக்க முன்வந்தவர்கள் நெடுங்கணக்கை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை. வரிவடிவம் வேறு, எழுத்தின் எண்ணிக்கை வேறு என்று தமிழர் கண்ட வேறுபாடு அது. தொல்காப்பியத்தைப் படித்த மனம் செய்த தேர்வு. பொறி செய்த தேர்வன்று.

மூன்றாவது வினா இவ்விரண்டினும் வலியது. தட்டெழுத்துக்காரருக்கும் அச்சுக் கோப்பாளருக்கும் பெருந்தலைவலி தந்தவை உகர ஊகார உயிர்மெய்களே. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 உருவங்கள். கு, சு, து, மு என ஒன்றோடொன்று ஒவ்வாத வளைவுகள். பொறியின் ஆணைப்படி எழுத்து மாறியிருந்தால் முதலில் மாறியிருக்க வேண்டியவை இவையே. இவை இன்றளவும் அசையாமல் நிற்கின்றன. மாறியவை பதின்மூன்று மட்டும். ஏன் அந்தப் பதின்மூன்று? கா, ஙா, சா என்று வரிசையாகக் கற்றுவரும் குழந்தை ணகரத்தில் வந்து இடறிற்று; கை, ஙை என்று வந்த குழந்தை லகரத்தில் இடறிற்று. மற்ற மெய்கள் ஏற்கெனவே கொண்டிருந்த ஒழுங்கிற்கு இவை மட்டும் விலக்காக நின்றன. விலக்கை நீக்கியதே சீர்திருத்தம். அது வகுப்பறையின் தருக்கம். பொறிக்குக் கிடைத்த சலுகை உபரி இலாபம். பதின்மூன்று எழுத்தின் மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். நல்ல மாற்றம் என்றே கருதுகிறோம். அதன் நன்மதிப்பைப் பொறியின் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறோம்.

கணிப்பொறிக் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. தொடக்கத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ் மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்க முன்நின்றவர்களுள் நம் பகுதியினர் பலர் என்பது நமக்குரிய பெருமை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே தமிழ் மென்பொருள் ஆக்கத்தில் இறங்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். அதன் தொடர்ச்சியாக 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் 'தமிழ் 99' விசைப்பலகை வகுக்கப்பட்டது.

அவ்விசைப்பலகையைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். இடப்புறம் 12 உயிர்கள். வலப்புறம் பெரும்பாலும் 18 மெய்கள். ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' தோன்றும். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெற்று 'க்க' என நிற்கும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் 'ங்க' ஆகும். ஆய்தத்தையும் சேர்த்து 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கிவிட்டன. தட்டெழுத்துப் பொறி எழுத்தின் உருவத்தை அச்சடித்தது. ஆகவே உருவங்களின் தொகை அதற்குச் சுமையாயிற்று. கணிப்பொறியோ எழுத்தின் இலக்கணத்தைக் கேட்டு உருவத்தைத் தானே வரைந்து தருகிறது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்று நாம் முதல் வகுப்பில் கற்பிப்பது அங்கே பொறியின் விதியாகவே அமைந்துவிட்டது.

ஆயினும் பொறிக்குள் எல்லாம் தமிழ் இலக்கணப்படியே நடக்கிறது என்று மகிழ்ந்துவிடவும் இயலாது. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடு முறையில் தமிழுக்கு இடம் வகுத்தபோது, இந்திய மொழிகளுக்கு 1988இல் இந்தியாவில் வகுத்த பொதுத் தரத்தை அடியொற்றினர். தேவநாகரி முதலிய எழுத்துகளோடு ஒரே அச்சில் தமிழையும் வார்த்தனர். அதன்படி 'க' என்பது ஓர் அலகு. 'க்' என்பதோ ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு அலகு. நமக்கு மெய் முதல், உயிர்மெய் அதன் வழி வந்தது. பொறிக்கு உயிர்மெய் முதல், அதிலிருந்து அகரத்தை நீக்கிப் பெறுவது மெய். னகரம் அங்கே நகரத்தை அடுத்து நிற்கிறது; றகரம் ரகரத்தை அடுத்து நிற்கிறது; ஜகரம் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது. குறியீட்டு வரிசையை அப்படியே கொண்டு சொற்களை அடுக்கினால் நம் அகர முதலியின் முறை குலைந்துபோகும். அதனைச் சீர்செய்யத் தனி விதி எழுத வேண்டியிருக்கிறது. 'கொ' என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் மாணவன் ஒன்று என்பான்; பல மென்பொருள்கள் இரண்டு என்கின்றன.

இது பொறியின் இயல்பா? அன்று. ஒரு குழுவினர் ஓர் அறையில் அமர்ந்து, பிற மொழிகளின் வசதியை முன்வைத்து எடுத்த முடிவு. முடிவு எடுத்தவர்களை மறந்துவிடுகிறோம். முடிவு பொறிக்குள் உறைந்து, பொறியின் இயற்கைபோல் நம் முன் நிற்கிறது. தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் தோண்டி எடுக்க வேண்டியது இத்தகைய முடிவுகளையே. எந்தப் பொறி எந்த ஆண்டில் வந்தது என்னும் பட்டியல் அதற்குப் போதாது.

மேலே குறித்த வழக்கு இதுதான். உகர ஊகார வரிசைகளையும் மாற்றி ஒரே குறி இட வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுகளாக உண்டு. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அது பெரும் விவாதமாயிற்று. இக்கருத்தின் முதன்மை ஆதரவாளரான வா. செ. குழந்தைசாமி அவர்கள் குழந்தைகள் கற்கும் எளிமையையே பெரிதும் வற்புறுத்தினார். அது வகுப்பறை வாதம். வகுப்பறைச் சான்றுகளைக் கொண்டு எடைபோட வேண்டிய வாதம். அவரை மறுப்போர்க்கும் அதே கடமை உண்டு. ஆனால் அவர் பின்னே வந்த சிலர், கணிப்பொறிக் காலத்தில் எழுத்தைக் குறைத்தே ஆகவேண்டும், காலத்தின் கட்டாயம் என்கின்றனர். 31 விசையில் 247 எழுத்தும் எழுதித் தரும் பொறியின் பெயரால் எழுத்தைக் குறைக்கச் சொல்வது விந்தையிலும் விந்தை. சிறுவர்க்கு இடர் உண்டென்றால் அதனைக் காட்டுங்கள், கேட்போம். பொறிக்கு இடர் என்று சொல்ல வேண்டாம். பொறிக்கு இன்று இடரே இல்லை.

கடைசியாக, இன்றைய இளைஞர் கைப்பேசியில் தமிழ் எழுதும் முறையைப் பற்றி ஒரு சொல். பலர் ரோமன் எழுத்தில் தட்டி அதனைத் தமிழாக மாற்றிக்கொள்கின்றனர்; மேலும் பலர் மாற்றாமலே ரோமன் எழுத்திலேயே தமிழ்ச் செய்திகளை அனுப்புகின்றனர். கைப்பேசி தமிழைக் கெடுத்துவிட்டது என்று ஆசிரியர்கள் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். குற்றச்சாட்டில் பங்கு கொள்ள இயலவில்லை. அதே கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஒரு முறை தேர்ந்துகொண்டால் போதும். அதனை யாரும் அவர்களுக்குப் பள்ளியில் கற்பிக்கவில்லை. ஆங்கில விசைப்பலகையை முதலில் கற்றனர். தேர்வும் வேலையும் அதனையே கேட்டன.

தமிழ்ச் சொற்கள் முதன்முதல் அச்சேறியது கொல்லத்தில் அன்று. 1554ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில். அந்தச் சமயச் சிறு நூலில் தமிழ் முழுவதும் ரோமன் எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. லிஸ்பனில் அன்று தமிழ் அச்செழுத்து இல்லை. அந்நூலைக் கையாள வேண்டியவர்களும் தமிழ் எழுத்தறியாத போர்த்துகீசியரே. இரண்டும் தக்க காரணங்கள். இன்று அச்செழுத்து ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. எழுதுவோரும் தமிழர், படிப்போரும் தமிழர்.